செருகி ஒன்றுதான், கேபிள் வேறு

உங்கள் பள்ளிப் பையைத் திறந்து பாருங்கள். கற்றல் சாதனத்துக்கு மின்னேற்றும் யுஎஸ்பி-சி கேபிள் ஒன்று அநேகமாக இருக்கும். வீட்டில் அம்மாவின் கைப்பேசிக்கு ஒன்று, அண்ணனின் இயர்பட்ஸுக்கு ஒன்று, பவர் பேங்க் வாங்கியபோது கூடவே வந்த குட்டைக் கேபிள் ஒன்று. நான்கையும் மேசைமேல் வரிசையாக வையுங்கள். நிறமும் நீளமும் வேறுபடலாம். முனை ஒன்றுதான். எந்தக் கேபிளை எந்தத் துளையில் செருகினாலும் பொருந்தும், தலைகீழாகத் திருப்பினாலும் பொருந்தும்.

ஆனால் அவை நான்கும் வெவ்வேறு பொருள்களாக இருக்கக்கூடும். ஒன்று மடிக்கணினிக்கு நன்றாக மின்னேற்றும், ஆனால் படத்தைத் திரைக்குக் கொண்டுபோகாது. இன்னொன்று படம், தரவு, மின்சாரம் மூன்றையும் தாங்கும். மற்றொன்று கைப்பேசிக்கு மட்டுமே லாயக்கு. “சார்ஜ் ஆகுது சார், ஆனா புரொஜெக்டர்ல படம் வரலையே?” என்று வகுப்பில் யாராவது கேட்டிருப்பார்கள். மடிக்கணினி பழுது, திரை பழுது என்று எல்லாவற்றையும் சந்தேகித்துவிட்டுக் கடைசியில்தான் கேபிளைச் சந்தேகிக்கிறோம். பார்த்தால் நல்ல கேபிள்போல் இருக்கிறதே, அதனால்தான்.

ஒரு கேபிளால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை அதன்மீதே அச்சிட்டுத்தான் விற்க வேண்டும் என்று சிங்கப்பூரில் விதி வர வேண்டும். இதுதான் என் கருத்து. சின்ன விஷயம்போல் தோன்றும். ஆனால் தவறான கேபிளால் வீணாகும் நேரம், வீணாகும் பணம், “வேலை செய்யவில்லை” என்று குப்பைக்குப் போகும் நல்ல கருவிகள் இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் சின்ன விஷயம் அல்ல.

முதலில் ஒரு கணக்கு. உங்கள் மடிக்கணினியிலிருந்து 50 கிகாபைட் காணொளிகளை வெளிப்புற எஸ்எஸ்டி ஒன்றுக்கு மாற்ற வேண்டும். கைப்பேசிச் சார்ஜருடன் வந்த கேபிளைப் பயன்படுத்துகிறீர்கள். அது பெரும்பாலும் 2000ஆம் ஆண்டில் வந்த யுஎஸ்பி 2.0 தரத்தில்தான் தரவை அனுப்பும். அதன் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் 60 மெகாபைட். நடைமுறையில் 40 கிடைத்தாலே நல்லது. 50,000 மெகாபைட்டை 40ஆல் வகுத்தால் 1,250 வினாடி, அதாவது ஏறத்தாழ 21 நிமிடம். அதே வேலையை 5 கிகாபிட் வேகம் தாங்கும் கேபிளில் செய்தால், நடைமுறை வேகம் 400 மெகாபைட் என்று வைத்துக்கொள்ளலாம், இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். கணினி அதே, எஸ்எஸ்டி அதே, முனையின் வடிவமும் அதே.

கேபிளுக்குள் என்ன இருக்கிறது?

யுஎஸ்பி-சி துளைக்குள் 24 தொடுமுனைகள் உள்ளன. மேலே 12, கீழே 12. அதனால்தான் எப்படித் திருப்பினாலும் பொருந்துகிறது. ஆனால் துளையில் 24 தொடுமுனை இருப்பதால் கேபிளுக்குள்ளும் அத்தனை கம்பிகள் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மலிவான மின்னேற்றக் கேபிளில் மின்சாரத்துக்கு இரண்டு, மெதுவான தரவுக்கு இரண்டு, “நான் யார்” என்று சொல்லும் கம்பி ஒன்று என்ற அளவில் முடித்துவிடுவார்கள். வேகத் தரவும் படமும் போக வேண்டிய கம்பிகளே அதில் கிடையாது. கம்பி இல்லாத கேபிளில் எந்த மென்பொருளைப் புதுப்பித்தாலும் படம் வராது.

மின்சாரத்திலும் இதே கதை. சாதாரண யுஎஸ்பி-சி கேபிள் 3 ஆம்பியர்வரை தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்குமேல் வேண்டுமானால் கேபிளின் முனைக்குள் ஒரு சிறு சில்லு இருக்க வேண்டும். “என்னால் 5 ஆம்பியர் தாங்க முடியும்” என்று அது சார்ஜரிடம் சொல்லும். சொன்னால்தான் சார்ஜர் 100 வாட்டோ, 2021இல் வந்த விதிப்படி 240 வாட் வரையிலோ தரும். சில்லு இல்லையென்றால், பெரிய சார்ஜரை வாங்கி மாட்டினாலும் 60 வாட்டோடு நின்றுவிடும். வேகமாக மின்னேற்றும் என்று நம்பிப் புதிய சார்ஜருக்கு 80 வெள்ளி கொடுத்துவிட்டுப் பழைய கேபிளையே மாட்டுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. பெட்டியில் சார்ஜரின் வாட் கொட்டை எழுத்தில் இருக்கும். கேபிளில் ஒன்றும் இருக்காது.

பழைய கணினியோடு புதிய கைப்பேசியை இணைக்கும்போது இது இன்னும் முக்கியமாகிறது. ஒரு முனை பழைய தட்டை வடிவமாகவும் மறுமுனை சி வடிவமாகவும் உள்ள கேபிள்கள் உங்கள் வீட்டில் இருக்கும். அவற்றின் சி முனைக்குள் ஒரு மின்தடை வைக்க வேண்டும். அது 56 கிலோ ஓம் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த அளவைப் பார்த்ததும், “மறுபக்கம் பழைய துளை இருக்கிறது, அளவோடு எடுத்துக்கொள்” என்று கைப்பேசி புரிந்துகொள்ளும். சில தயாரிப்பாளர்கள் 10 கிலோ ஓம் மின்தடையை வைத்துவிட்டார்கள். அதைப் பார்க்கும் கைப்பேசி, “மறுபக்கம் 3 ஆம்பியர் தரும்” என்று எண்ணிக்கொண்டு இழுக்கும். அரை ஆம்பியர் தருவதற்காகச் செய்யப்பட்ட பழைய மடிக்கணினித் துளையிலிருந்து 3 ஆம்பியரை இழுத்தால் யாருக்குச் சேதம்? மடிக்கணினிக்குத்தான். ஒரு மின்தடை. அரிசி மணியைவிடச் சிறியது.

2015இல் கூகல் பொறியாளர் பென்சன் லியுங் இப்படிப்பட்ட கேபிள்களைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கிச் சோதித்து, எது சரி, எது தவறு என்று அமேசான் தளத்திலேயே எழுதத் தொடங்கினார். 2016 தொடக்கத்தில் அவர் சோதித்த ஒரு கேபிளில் மின்கம்பியும் தரைக்கம்பியும் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தன. செருகியதும் அவருடைய மடிக்கணினியும் சோதனைக் கருவிகளும் பாழாயின. அந்த ஆண்டு மார்ச்சில் தரத்துக்கு ஒவ்வாத யுஎஸ்பி-சி கேபிள்களை விற்கக்கூடாது என்று அமேசான் அறிவித்தது. ஒரு தனிமனிதர் தம் கணினியைப் பலிகொடுத்துத்தான் இதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவர் பொறியாளர், அவருக்குக் கருவி இருந்தது. உங்களுக்கும் எனக்கும் கண்கள் மட்டும்தான்.

பபுள் டீக்கு உண்டு, கேபிளுக்கு இல்லை

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நல்ல காரியம் செய்தது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்கப்படும் புதிய கைப்பேசி, கைக்கணினி, கேமரா, ஹெட்ஃபோன் போன்றவற்றுக்கு யுஎஸ்பி-சி துளை கட்டாயம் என்றது. மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 என்று நாள் குறித்தது. வீசப்பட்டும் பயன்படாமலும் போகும் சார்ஜர்களால் அங்கு ஆண்டுக்கு 11,000 டன் மின்கழிவு சேர்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஐபோன் 2012 முதல் வைத்திருந்த லைட்னிங் துளையை 2023இல் ஐபோன் 15இல் கைவிட்டது. நமக்கும் அதனால் பலன். ஒரே சார்ஜரை வீட்டில் எல்லாரும் பகிர முடிகிறது.

ஆனால் வடிவத்தை ஒன்றாக்கியதோடு வேலை பாதிதான் முடிந்தது. முன்பு முனைகள் வேறு வேறாக இருந்தபோது, பொருந்தாது என்பது கண்ணுக்கே தெரிந்தது. இப்போது எல்லாம் பொருந்துகிறது, ஆனால் எல்லாம் வேலை செய்வதில்லை. எனக்குக் கேட்டால் முதல் குழப்பமே மேல். அதில் கடைக்காரரிடம் துளையைக் காட்டி, “இதுக்கு வேணும்” என்று வாங்கிவிடலாம்.

சிங்கப்பூர் முத்திரைகளுக்குப் புதிய நாடு அல்ல. குளிர்சாதனப் பெட்டி வாங்கப் போனால் மின்சிக்கனத்துக்கு எத்தனை குறி என்று பார்க்கிறோம். சுவரில் செருகும் மின்மாற்றியில் பாதுகாப்புக் குறி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். 2022 டிசம்பர் 30 முதல் பொட்டலப் பானங்களுக்கும், ஓராண்டு கழித்துக் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் நியூட்ரி-கிரேட் வந்துவிட்டது. ஜூரோங் பாயிண்ட்டில் பபுள் டீ வாங்க நின்றால், எந்தப் பானம் சி, எந்தப் பானம் டி என்று விலைப்பட்டியலே சொல்கிறது. குடித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆகும் பானத்துக்கு எழுத்து உண்டு. ஐந்தாண்டு பயன்படுத்தப்போகும் கேபிளுக்கு இல்லை.

யுஎஸ்பி தரத்தை வகுக்கும் நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்று உண்டு. சான்று பெற்ற கேபிள்களில் 60 வாட் அல்லது 240 வாட் என்று அச்சிடும் சின்னத்தை 2021இல் அது வெளியிட்டது. வேகத்துக்கும் சின்னம் வைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் சான்று பெறுவது தயாரிப்பாளரின் விருப்பம். சான்று பெறாத கேபிளும் அதே கடையில், அதே கொக்கியில், பாதி விலையில் தொங்குகிறது.

“அச்சிட்டால் விலை ஏறும்” என்று வியாபாரிகள் சொல்லக்கூடும். இந்த வாதத்தை நான் ஒரேயடியாகத் தள்ளமாட்டேன், ஏனென்றால் யுஎஸ்பியின் வரலாறே விலைக் கணக்கால் ஆனது. யுஎஸ்பியை உருவாக்கிய இன்டெல் குழுவை வழிநடத்தியவர் அஜய் பட், குஜராத்தின் வதோதராவில் படித்தவர். 1996இல் வந்த அந்த முதல் தட்டைச் செருகியை ஏன் இரு பக்கமும் செருகும்படி செய்யவில்லை என்று அவரைக் கேட்டபோது, கம்பிகளும் சுற்றுகளும் இரட்டிப்பாகி விலை கூடியிருக்கும் என்று விளக்கினார். விளைவு? நாம் எல்லாரும் இருபது ஆண்டுகள் பென்டிரைவைத் திருப்பித் திருப்பிச் செருகிக்கொண்டிருந்தோம். ஆனால் அப்போது கூடியிருக்கக்கூடியது செம்பின் விலை. இப்போது நான் கேட்பது முனையின் பிளாஸ்டிக்கில் இரண்டு எண்கள்: இத்தனை வாட், இத்தனை கிகாபிட். நிறுவனத்தின் பெயரை அச்சிட இடமும் மையும் இருக்கும்போது இதற்கு இல்லாமல் போகாது.

ஜூரோங் ஈஸ்டில் ஒரு பழைய பாடம்

பெட்டியின்மீது எழுதி வைப்பதால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். ஜூரோங் ஈஸ்டின் இன்டர்நேஷனல் பிசினஸ் பார்க்கில் கிரியேட்டிவ் டெக்னாலஜியின் கட்டடத்தை உங்களில் சிலர் பேருந்திலிருந்து பார்த்திருப்பீர்கள். சிம் வோங் ஹூ தம் நண்பருடன் 1981இல் சைனாடவுனின் பெர்ல்ஸ் சென்டரில் ஒரு சிறு கடையில் தொடங்கிய நிறுவனம் அது. அவர் 2023 ஜனவரியில் காலமானார்.

1980களில் கணினி என்றால் “பீப்” என்ற ஓசைதான். விளையாட்டுகளுக்கு இசை வேண்டுமென்றால் தனி ஒலி அட்டை வாங்கிக் கணினிக்குள் பொருத்த வேண்டும். அப்போது சந்தையில் முன்னணியில் இருந்தது கனடாவின் ஆட்லிப் அட்டை. 1989இல் கிரியேட்டிவ் தன் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தது. அதில் ஆட்லிப் பயன்படுத்திய அதே யமஹா சில்லு இருந்தது. ஆகவே ஆட்லிப்புக்காக எழுதப்பட்ட விளையாட்டுகள் எல்லாம் இதிலும் பாடின. அதோடு பதிவுசெய்த குரலையும் ஒலிக்கும் வசதி, விளையாட்டுக் கட்டைக்கு ஒரு 15 முனைத் துளை. பழையதைக் கைவிடாமல் புதியதைச் சேர்த்ததுதான் அதன் வெற்றியின் பெரும்பகுதி என்று நான் நினைக்கிறேன். சில ஆண்டுகளில் போட்டி நிறுவனங்களே தங்கள் பெட்டிகளில் “சவுண்ட் பிளாஸ்டருக்கு ஒத்தியங்கும்” என்று அச்சிட்டு விற்கும் நிலை வந்தது. அந்த ஒரு வரியைப் பார்த்து உலகம் முழுவதும் மாணவர்கள் நம்பி வாங்கினார்கள். சட்டம் இல்லாமலே, சிங்கப்பூர்ப் பெயர் ஒன்று உலகத்தின் முத்திரையானது.

அந்த முதல் அட்டையை இன்றைய கணினியில் பொருத்த முடியாது. அதற்கான ஐஎஸ்ஏ துளை மறைந்து வெகுகாலம் ஆகிறது. ஆனால் அன்று அதில் மாட்டிய ஒலிபெருக்கியை இன்றும் மாட்டலாம். 3.5 மில்லிமீட்டர் துளை மாறவே இல்லை. கைப்பேசியில் அந்தத் துளை இல்லையா? யுஎஸ்பி-சியிலிருந்து மாற்றும் சிறு இணைப்பி போதும். இங்கேயும் ஒரு சூட்சுமம் உண்டு. இணைப்பிகள் இரண்டு வகை. ஒன்று வெறும் கம்பி, கைப்பேசியே ஒலியலையை அனுப்பினால்தான் வேலை செய்யும். மற்றதில் எண்களை ஒலியலையாக மாற்றும் சில்லு உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. மறுபடியும் அதே நோய்.

பொருந்தவில்லை என்றால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை

இதுவரை ஒரே வடிவம், வெவ்வேறு வேலை என்பதைப் பார்த்தோம். இதன் மறுபக்கம், வடிவம் வேறாக இருந்தும் வேலை ஒன்றாக இருப்பது. வீட்டு அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் பழைய கருவிகளைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளில் பாதிக்கு இதில் விடை இருக்கிறது.

பழைய கணினித் திரையில் டிவிஐ என்ற வெள்ளை நிற அகலத் துளை இருக்கும். உங்கள் மடிக்கணினியில் எச்டிஎம்ஐ. பார்க்க உறவே இல்லாதவைபோல் தெரியும். ஆனால் இரண்டும் படத்தை எண்களாக, ஒரே முறையில் அனுப்புகின்றன. சில வெள்ளிக்குக் கிடைக்கும் சாதாரணக் கேபிள் போதும், படம் வந்துவிடும். ஒலி மட்டும் பெரும்பாலும் வராது.

நீல நிறத்தில் 15 முனைகளுடன் இரு பக்கமும் திருகு வைத்த விஜிஏ வேறு சாதி. ஐபிஎம் 1987இல் கொண்டுவந்தது. அது படத்தை எண்களாக அனுப்பாது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் சுழியத்திலிருந்து 0.7 வோல்ட்வரை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக அனுப்பும். விஜிஏ பேச்சு, எச்டிஎம்ஐ எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசுவதை எழுத ஒருவர் வேண்டும், எழுதியதைப் படித்துக்காட்ட இன்னொருவர் வேண்டும். இரண்டும் வேறு வேலை. ஆகவே மடிக்கணினியின் எச்டிஎம்ஐயைப் பழைய விஜிஏ புரொஜெக்டரில் காட்டும் மாற்றியும், பழைய கணினியின் விஜிஏயைப் புதிய தொலைக்காட்சியில் காட்டும் மாற்றியும் தனித்தனிப் பொருள்கள். திருப்பி மாட்டினால் வேலை செய்யாது. சில்லே இல்லாமல் ஒரு முனையில் விஜிஏ, மறுமுனையில் எச்டிஎம்ஐ என்று வெறும் கம்பியாக இணையத்தில் விற்பார்கள். வாங்காதீர்கள்.

இதைவிட மோசமானது ஃபயர்வயர் இணைப்பி. உங்கள் பெற்றோரின் திருமணமோ உங்கள் முதல் பிறந்தநாளோ மினிடிவி என்ற சிறிய ஒளிநாடாவில் இருக்கலாம். 1990களின் பிற்பாதியிலும் 2000களிலும் வீட்டுக் கேமராக்களில் அதுதான் ஓடியது. ஒரு மணிநேர நாடா கணினியில் ஏறும்போது சுமார் 13 கிகாபைட். இன்று அது ஒன்றுமே இல்லை, ஒரு பென்டிரைவில் பல நாடாக்கள் அடங்கிவிடும். ஆனால் அந்தக் கேமராவிலிருந்து படம் வெளியே வருவது ஃபயர்வயர் துளை வழியாக. புதிய மடிக்கணினிகளில் அது இல்லை. ஃபயர்வயரிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் சின்ன இணைப்பி என்று சில வெள்ளிக்கு ஒன்று கிடைக்கும். அது பொருந்தும், ஆனால் வேலை செய்யாது. இரண்டும் பேசும் மொழி வேறு, அந்த இணைப்பியில் மொழிபெயர்ப்பவர் யாரும் இல்லை. வாங்கி ஏமாந்தவர், கேமரா பழுது என்று முடிவுகட்டி நாடாவோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார். உண்மையில் வேண்டியது ஃபயர்வயர் துளையுள்ள பழைய மடிக்கணினி ஒன்று, அல்லது அந்த அட்டையைப் பொருத்திய மேசைக்கணினி. தெரிந்தவர் யாரிடமாவது இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் நாடாக்களில் பூஞ்சை பிடிக்கும். கேபிள் காத்திருக்கும், நாடா காத்திருக்காது.

கணினி செத்துப்போனாலும் அதற்குள் இருக்கும் வன்தட்டு உயிரோடு இருப்பது சகஜம். அகலமான 40 முனைத் துளை இருந்தால் அது ஐடிஇ. மெல்லிய எல் வடிவத் துளை இருந்தால் அது சாட்டா, 2003 வாக்கில் பரவத் தொடங்கியது. இரண்டையும் யுஎஸ்பியாக மாற்றும் கருவி உண்டு. மடிக்கணினியின் சிறிய வன்தட்டுக்கு யுஎஸ்பி தரும் 5 வோல்ட்டே பெரும்பாலும் போதும். மேசைக்கணினியின் பெரிய வன்தட்டுக்கு 12 வோல்ட்டும் வேண்டும். அதை யுஎஸ்பி துளை தராது. ஆகவே தனி மின்மாற்றியுடன் வரும் கருவியாகப் பார்த்து வாங்க வேண்டும். மாட்டியதும் தட்டு சுழலாமல் “டிக் டிக்” என்று மட்டும் ஒலித்தால், தட்டு போய்விட்டது என்று பதறுவதற்குமுன் மின்சாரம் போதுமா என்று பாருங்கள்.

இப்படிப்பட்ட பொருள்களுக்குக் கைதேர்ந்தவர்களைத் தேடி ஜூரோங்வாசிகள் ஊரின் மறுபக்கம் போக வேண்டியிருக்கிறது. கிழக்கு-மேற்கு ரயிலில் பூகிஸ் போய் மாறி ரோச்சோரில் இறங்கினால் சிம் லிம் ஸ்குவேரும் சிம் லிம் டவரும். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகலாம். பழைய பொருள்கள் குவிந்திருந்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10இல் மூடப்பட்டுவிட்டது. எந்தக் கடைக்குப் போனாலும் கருவியின் துளையைப் படமெடுத்துக்கொண்டு போங்கள். எதிலிருந்து எதற்குப் போக வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். திசையைச் சொல்லாமல் மாற்றி வாங்கியவர்கள்தான் மறுநாள் திரும்பி வருகிறார்கள்.

எல்லாவற்றையும் வைத்திருக்கச் சொல்லவில்லை. வீங்கிய மின்கலம் உள்ள கைப்பேசி ஒரு நாள்கூட வீட்டில் இருக்கக்கூடாது. தயாரிப்பாளர் பாதுகாப்பு மேம்பாடு தருவதை நிறுத்திவிட்ட பழைய ரவுட்டரை இணையத்தோடு இணைத்து வைப்பது கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது மாதிரி. பருத்த முதுகுள்ள பழைய கண்ணாடித் திரைகளைத் திறந்து பார்க்கவே வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

போக வேண்டியவை போகட்டும். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் கூறியிருக்கிறது. ஆளுக்கு 11 கிலோ. 2021 ஜூலை முதல் இவற்றைத் திரட்டி மறுபயனீடு செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களே ஏற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கடைத்தொகுதிகளில் பழைய கைப்பேசி, மடிக்கணினி, மின்கலம், விளக்கு போன்றவற்றைப் போடும் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். எதைப் போடலாம் என்று பெட்டிமேலேயே எழுதியிருக்கும். பாருங்கள், குப்பைப் பெட்டிக்குக்கூட எழுதியிருக்கிறார்கள். மறுபயனீட்டுக்குப் போகாத கழிவு எரிக்கப்பட்டு, சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. அது 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது கணிப்பு. அங்கே போகும் பொருள்களில், கருவி நன்றாக இருந்தும் கேபிள் தெரியாததால் வீசப்பட்டவை இருக்கத்தான் செய்யும்.

விதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். 2021 இறுதிக்குள் எல்லா உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கையிலும் கற்றல் சாதனம் இருக்க வேண்டும் என்று கல்வி அமைச்சு திட்டமிட்டுச் செயல்பட்டது. ஆகவே சோதனைக்கூடம் உங்கள் கையிலேயே இருக்கிறது. வீட்டிலுள்ள யுஎஸ்பி-சி கேபிள்களை எல்லாம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே கிகாபைட் கோப்பை ஒரே எஸ்எஸ்டிக்கு அனுப்பி எத்தனை வினாடி ஆகிறது என்று குறியுங்கள். 25 வினாடிக்குப் பக்கத்தில் வந்தால் அது மெதுவான வகை, மூன்று நான்கு வினாடியில் முடிந்தால் வேக வகை. பிறகு, சி துளை வழியாகப் படம் ஏற்கும் திரை பள்ளியிலோ வீட்டிலோ இருந்தால் அதில் மாட்டிப் பாருங்கள். கண்டதைக் காகித ஒட்டுநாடாவில் எழுதிக் கேபிளின் முனையில் சுற்றுங்கள்: “வேகம்”, “படம் வரும்”, “சார்ஜ் மட்டும்”. அம்மாவின் கைப்பேசிக் கேபிளிலிருந்து தொடங்கலாம். அநேகமாக அது “சார்ஜ் மட்டும்” பக்கம்தான் சேரும்.